ஆச்சிகிட்ட கேட்டுட்டு வெட்டுங்க



2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, நம்ம குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறாங்க. படுக்கையில் கிடக்கும் ஆச்சிமாருக்கு முடி சிக்காகிவிட்டால், கேட்காமலே ஒட்ட வெட்டிவிடும் வீடுகளும் உண்டு. “மொட்டையாக்கிப் போட்டாவளே” என்று ஒரு ஆச்சி அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

மெல்லிசான கோரை முடிக்கு உச்சிக்கொண்டை வேண்டாம். படுத்தால் உறுத்தும், வேரையும் இழுக்கும். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுங்க. ஒரு பக்கமாகத் தளர்வாகப் பின்னி, ரப்பர் பேண்டுக்குப் பதிலாகத் துணி நாடா கெட்டுங்க. வெட்டித்தான் ஆகணும்னா தோளளவு போதும். அதையும் அவங்ககிட்ட கேட்டுட்டு வெட்டுங்க.

பிரஷர் பார்க்கப் போகும்போது வீட்டாளுகளுக்கு இதையும் ஒருக்கச் சொல்லிக் கொடுங்க.