பாலையில் கண்ட கானமயில்



2022-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், அலுவல் நிமித்தம் ராஜஸ்தானத்து ஜெய்சல்மேருக்குச் சென்றிருந்தேன். நகருக்கு மேற்கே, சம் என்னும் ஊரை நோக்கிச் செல்லும் வழியில் எங்கள் ஜீப்பின் சக்கரம் பஞ்சராயிற்று. ஓட்டுநர் அதை மாற்றுமளவும் சும்மா நிற்க மனமின்றிச் சாலையை விட்டிறங்கி நடந்தேன். பாலை என்றால் மணற்குன்றுகள்தாம் என்று எண்ணியிருந்த எனக்கு, மழைக்குப் பின் செழித்திருந்த சேவண் புல்வெளி வியப்பளித்தது.

"நில்லுங்கள், பாபுஜி!" என்றொரு குரல் கேட்டது. ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் கைகாட்டிய திசையில் பார்த்தேன். புல்லினிடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள பறவை ஒன்று நிமிர்ந்து நின்றது. வெண்ணிறக் கழுத்து, கரிய உச்சி, மார்பின் குறுக்கே ஒரு கரும்பட்டை. "கோடாவண்" என்றார் முதியவர் மெல்லிய குரலில்.

என் வருகையால் வெருண்ட பறவை சில அடிகள் நடந்தது. பின்னர்ச் சிறகை விரித்து எழுந்தது. அது சென்ற திசையிலோ மின்கம்பிகள் நீண்டு கிடந்தன. முதியவர் பேச்சற்று நின்றார். அவருடைய அச்சத்தின் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. பறவை கம்பிகளுக்குக் கீழே தாழப் பறந்து மறைந்த பின்னரே அவர் பெருமூச்சு விட்டார்.

அன்று மாலை வனத்துறை ஊழியர் ஒருவர் காரணத்தைக் கூறினார். இப்பறவையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. நேர் எதிரே உள்ளது அதற்கு நன்கு புலப்படாது. 15 கிலோ வரை எடை உடையதாதலால், கம்பியைக் கண்டாலும் சட்டென விலக இயலாது. பெட்டை ஒரு முறைக்கு ஒரு முட்டையே இடுவது வழக்கம்; அதையும் வெறுந்தரையில் இடும். 2018-இல் உலகில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 150 என்று மதிப்பிடப்பட்டது.

அவர் சொன்ன ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் நாணமுற்றேன். மொழிபெயர்ப்பாளனாகிய நான், முன்னொரு அறிக்கையில் அதே பெயரைப் 'பெரிய தரைப்பறவை வகை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றவன். ஊர் திரும்பி நூல்களைப் புரட்டினேன். தமிழில் அதற்குக் 'கானமயில்' என்னும் அழகிய பெயர் இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழகத்தின் வறண்ட புல்வெளிகளிலும் அது திரிந்தது. இன்று அங்கே பெயர் இருக்கிறது, பறவை இல்லை.

ராஜஸ்தானம் 1981-இல் இதனைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றது. 2019 முதல் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் பணி சம் ஊரில் நடைபெறுகிறது. மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024-இல் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. கதிரவன் ஒளியிலிருந்து பெறும் மின்சாரமும் நாட்டிற்கு வேண்டும், இப்பறவையும் வேண்டும். இரண்டையும் பேணுவது எளிதன்று. ஆயினும் அதைச் செய்யாமல் தீராது.

நேயர்களே, பிற மாநிலங்களில் வாழும் நாம், அங்குள்ள உயிர்களை அயலானவை என்று எண்ணிவிடுகிறோம். நம் மொழி பெயரிட்டு அழைத்த ஓர் உயிர் ஜெய்சல்மேரின் புல்வெளியில் இன்னும் நடமாடுகிறது. 'கோடாவண்' என்னும் சொல்லுக்கும் தமிழகத்தில் 'கானமயி'லுக்கு நேர்ந்த கதி நேராதிருக்க வேண்டும்.