வேரோடு களைதல்

 

பாதையில் துன்பம் தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அத்துன்பம் பல வேளைகளில் நம் முற்றத்துப் புற்றரையிலேயே வேர்விட்டு நிற்கிறது. தொட்டாற்சுருங்கியைத்தான் கூறுகின்றேன். வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகளுக்கு அதன் முள் நன்கு தெரியும்.

அதனை அகற்ற நாம் முதலில் எடுப்பது சுரண்டியை. தேயிலைத் தோட்டங்களில் பழகிய கருவி அது. ஆனால் சுரண்டி தழையை வெட்டுகிறதே தவிர வேரைத் தொடுவதில்லை. எஞ்சிய ஆணிவேர் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். போகட்டும் என்றாலும், அது மேல்மண்ணையும் பெயர்த்துவிடுகிறது. நம்முடையதோ சரிவான பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத் துரைமார் மலைச்சரிவுகளில் ஒரு புல்லும் நில்லாதபடி களையெடுப்பித்தனர். வளமான மண் மழையோடு ஆற்றில் இறங்கியது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டில்தான் வந்தது. 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டிலும் வண்டல் படிந்து கொண்டேயிருக்கிறது.

நானும் இத்தவறைச் செய்தவனே. ஓர் ஐப்பசி மாதத்தில் வீட்டின் பின்புறச் சரிவைச் சுரண்டியால் வழித்துத் துப்புரவாக்கி மகிழ்ந்தேன். அன்றிரவு பெய்த மழையில் மண் கான் வழியே அயலவர் வாசலில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, கூடை கூடையாக அள்ளி வந்தேன்.

அதன்பின் கொல்லரிடம் ஒரு கருவி செய்வித்தேன். லொறியின் பழைய வில்லுத்தகட்டில் ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகலமான அலகு. நுனி பாம்பின் நாக்கைப் போல இரண்டாகப் பிளந்தது. அதனைத் தண்டின் அருகே சாய்வாக இறக்கி, அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து நெம்ப வேண்டும். மறு கையால் செடியை மெதுவாக இழுத்தால் வேர் முழுதாக வெளிவரும். குழியில் மண்ணை நிரப்பி மிதித்து, ஒரு துண்டுப் புல்லை ஊன்றிவிடுங்கள். குனிய இயலாத முதியவர்களுக்கு நீண்ட பிடியும், காலால் அழுத்த ஒரு குறுக்குக் கம்பியும் பொருத்தலாம்.

மழை பெய்து அரைநாள் கழிந்த வேளையே உகந்தது. தை, மாசி மாதங்களில் மண் இறுகியிருக்கும், வேர் அறுந்துவிடும். முதல்நாள் மாலையில் நீர் ஊற்றி வையுங்கள்.

மருந்து அடித்தால் என்ன எனச் சிலர் கேட்பர். கிளைபோசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. சட்டம் எப்படியிருப்பினும், அம்மருந்துக்குப் புல்லும் களையும் ஒன்றே. புற்றரையில் தெளித்தால் இரண்டும் கருகி, வெறும் மண்ணே எஞ்சும்.

கோரைக்கு மட்டும் இக்கருவி போதாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். அதன் கிழங்குகள் மண்ணுக்குள் மணிமாலை போலக் கோத்துக் கிடப்பவை. இழுத்தால் இழை அறும்; ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். அங்கே சிறிய முள்ளால் மண்ணைக் கிளறி, கையால் துழாவிப் பொறுக்குவதன்றி வேறு வழியில்லை. பொறுக்கியவற்றைப் பசளைக் குழியில் இடாதீர்கள், அங்கும் முளைக்கும். சீமெந்துத் தரையில் பரப்பி, நசுக்கினால் நொறுங்குமளவுக்கு வெயிலில் காயவிடுங்கள்.