துட்டி வீட்டுக்குப் பதினாறுக்கு அப்புறமும் போங்க

(ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பேசியது)

 

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறி வந்து வீடு, வாழை, ஆடு, மாடு எல்லாத்தையும் கொண்டு போனது. இடிந்த சுவரைத் திரும்பக் கட்டிக்கிட்டோம். உயிரைப் பறிகொடுத்த வீட்டில் என்ன செய்வது?

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி அந்த வெள்ளத்தில் வீட்டுக்காரரை இழந்தாள். பதினாறு முடியும்வரை வீடு நிறைய ஆட்கள். அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்களும் "பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று இருந்துவிட்டோம். அது எங்கள் தப்பு. மூன்றாம் மாதம் போனபோது, அவள் அடுப்பு பற்றவைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"அழாத தாயி" என்றேன். "அழக்கூட விட மாட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிடப் போனவர் திரும்பவில்லை என்பதை நாலு தடவை சொன்னாள். நாலு தடவையும் கேட்டோம்.

அதன்பிறகு முறை வைத்துத் தினம் ஒருத்தர் போனோம். அவளுடைய கடன் தவணைக்கு அவகாசம் கொடுத்துத் தீர்மானம் எழுதினோம். வங்கிக்கும் கூடப் போனோம். உங்கள் வீட்டுப் பாஸ்புத்தகத்தையும் பாருங்கள். ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருஷம் 436 ரூபாய் பிடித்திருந்தால், இறந்தவரின் வாரிசுதாரருக்கு 2 லட்சம் கிடைக்கும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள்.

சகோதரிகளே, துக்கம் நோய் இல்லை. ஆறுவதற்கு ஆளுக்கு ஆள் காலம் மாறும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு இல்லாமல் இருந்தாலோ, "நானும் போயிருதேன்" என்று சொன்னாலோ தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

இப்போது அந்தத் தங்கச்சிதான் எங்கள் குழுவின் தீர்மான நோட்டு எழுதுகிறாள். மழை பலமாகப் பெய்தால் இன்றைக்கும் அழுவாள். அன்றைக்கு எங்களில் ஒருத்தி அவள் வீட்டில் படுத்துக்கொள்வோம்.