வெளிநாட்டுப் பிரஜையும் உள்ளூர்ச் சொத்தும்

(பெங்களூர்க் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள். சிலர் அந்நாட்டுப் பிரஜைகளாகவும் ஆகிவிட்டார்கள். அப்படி ஆனவுடனேயே, 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. நமக்கு அவன் பிள்ளை, சட்டத்துக்கு வெளிநாட்டவன். அவன் இங்கே சொத்து வாங்கலாமா, நாம் அவனுக்குக் கொடுக்கலாமா என்பதுதான் இன்றைய விஷயம்.

இதை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு வழக்கு உண்டு. செயின்ட் மார்க்ஸ் ரோடில் இருந்த ஒரு சொத்தை, வெளிநாட்டுப் பிரஜையான ஒரு பெண்மணி 1977-இல் ஒருவருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். அப்போது அமலில் இருந்த 1973-ஆம் வருஷத்து 'ஃபெரா' சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. அதைப் பெறவில்லை. 2021 பிப்ரவரி 26 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தத் தானம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பத்திரம் எழுதி 44 வருஷம் கழித்து!

ஃபெரா போய், 2000 ஜூன் முதல் 'ஃபெமா' வந்துவிட்டது. இப்போது தாராளம் அதிகம். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வெளிநாட்டில் வசிப்பவரும், ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவரும் ரிசர்வ் வங்கியைக் கேட்காமலேயே வீடு, ஃபிளாட், கடை, அலுவலக இடம் வாங்கலாம். எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். நாம் நம் ஃபிளாட்டைப் பிள்ளைக்கு செட்டில்மென்ட் எழுதி வைக்கலாம். ஆனால் 2019-ஆம் வருஷத்து விதிகளின்படி, பூர்வீகம் இந்தியா என்பது மட்டும் போதாது. கார்டு கையில் இருக்க வேண்டும். கார்டு வந்த பிறகே அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள்.

கண்டிப்பாகக் கூடாதவை மூன்று: விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு. ஓ.சி.ஐ. மட்டுமல்ல, இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையும் இவற்றை வாங்க முடியாது. கனகபுரா, தேவனஹள்ளிப் பக்கம் 'பண்ணை மனை' விற்கும் தரகர்கள், "கர்நாடகாவில் இப்போது யார் வேண்டுமானாலும் வாங்கலாம்" என்பார்கள். 2020-இல் மாநில அரசு நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தியது வாஸ்தவம். ஆனால் ஃபெமாவின் தடை அப்படியேதான் இருக்கிறது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் நாலு மா நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த நிலத்தை வெளிநாட்டுப் பிள்ளைக்கு தானமாக எழுத முடியாது. ஆனால் வாரிசு உரிமையாக அது அவனுக்கு வரலாம். ஆகவே உயிருடன் இருக்கும்போது செட்டில்மென்ட் எழுதாதீர்கள், உயில் எழுதுங்கள். காகிதம் ஒன்றுதான், பலன் வேறு.

மாட்டுப்பெண் அந்நாட்டுக்காரியாக இருந்து, ஓ.சி.ஐ. கார்டும் இல்லையென்றால், பிள்ளையோடு சேர்ந்து ஒரே ஒரு சொத்து வாங்கலாம். கல்யாணம் பதிவாகி, இரண்டு வருஷமாவது தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும்.

பணம் வங்கி மூலமாகத்தான் வர வேண்டும்; வெளிநாட்டிலிருந்து நேரடியாகவோ, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ. டாலர் நோட்டாகக் கொடுக்கக் கூடாது. அந்த ரசீதுகளைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் விற்று, பணத்தை வெளியே கொண்டுபோகும்போது வங்கி முதலில் கேட்பது அவற்றைத்தான்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை பிள்ளை விடுமுறைக்கு வரும்போது கோயில், கல்யாணம் என்று அலைவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, யார் எந்த நாட்டுப் பிரஜை, எந்தச் சொத்து எந்த வகை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். நாம் கஷ்டப்பட்டுச் சேர்த்ததற்காக நம் குழந்தைகள் கோர்ட் படி ஏறும்படி ஆகக் கூடாது.