அடுக்களையில் ஒளிந்த ஏடு

வங்கமொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படும் ‘ஆமார் ஜீபன்’ 1876இல் வெளிவந்தது. அதை எழுதிய ராஸசுந்தரி தேவி 12 மக்களைப் பெற்றவர். பெண் படித்தால் பழி என்றிருந்த காலத்தில், சைதன்ய பாகவதத்தின் ஓர் ஏட்டை அடுக்களையில் ஒளித்துவைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஆசிரியர் எவருமில்லை, முக்காடே திரை. வாசிக்க வந்தபின்னும் நெடுங்காலம் எழுத வரவில்லை. வெளியூரில் படித்த மகன் மறுமொழிக் கடிதம் வேண்டியபோதே எழுதுகோல் பிடித்தார். (காகிதமும் மையும் தந்தவனும் அம்மகனே!) புரட்சி முழக்கத்தைத் தேடுவோர் இந்நூலில் ஏமாறுவர். தாமே ஒரு வரியைப் படித்தறிந்த பெண்ணின் பேருவகை அதில் உண்டு. அவ்வுவகையைத் திருடரைப்போல் ஒளிந்து நுகர நேர்ந்ததன் மனக்கசப்பும் உண்டு. விருந்தினரும் குழந்தைகளும் மாறிமாறி அழைக்க, தாம் உண்ணாமலே கழிந்த பொழுதுகளையும் அதே நிதானத்தோடு சொல்லிச் செல்கிறார்.