நம்பிக்கை ஆசிரியருடையது, பாடம் மாணவருடையது
(மாணவர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிணாமக் கொள்கை என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே அந்தப் பாடம் இருக்கிறது. அதை உங்கள் ஆசிரியர் எப்படி நடத்தினார் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். "டார்வின் இப்படிச் சொல்லியிருக்கிறார், தேர்வில் கேள்வி வரும், படித்துக்கொள்ளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்" என்ற பேச்சு சிலர் காதில் விழுந்திருக்கலாம். அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆசிரியர் கோயிலுக்குப் போகலாமா, தேவாலயத்துக்குப் போகலாமா, தொழுகைக்குப் போகலாமா என்பது நம் கேள்வி அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அந்த உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த நம்பிக்கை கரும்பலகைக்கு முன்னால் வந்து நிற்கும்போது மாணவருக்கு என்ன நடக்கிறது என்பதே நம் கேள்வி.

அமெரிக்காவைப் பாருங்கள். 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில், பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அதே 1925இல்தான் இங்கே பெரியார் 'குடிஅரசு' ஏட்டைத் தொடங்கினார். பின்னர் 1968, 1987, 2005 ஆகிய ஆண்டுகளில் அங்கே வந்த முக்கியத் தீர்ப்புகள் எல்லாம் அறிவியல் பக்கம்தான் நின்றன.

ஆனால் வகுப்பறை மாறியதா? பெர்க்மன், புளுட்சர் என்ற இரு பேராசிரியர்கள் 926 உயிரியல் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. பரிணாமத்தைத் தெளிவாக, தொடர்ச்சியாகக் கற்பித்தவர்கள் சுமார் 28 விழுக்காடு. படைப்புக் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தவர்கள் சுமார் 13 விழுக்காடு. மீதி 60 விழுக்காட்டினர் இரண்டுக்கும் நடுவில் நழுவியவர்கள். தேர்வுக்காகத் தெரிந்துகொள்ளுங்கள் என்பார்கள். எல்லாக் கருத்தையும் சொல்கிறோம், நீங்களே முடிவெடுங்கள் என்பார்கள். நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டியது அந்த 13 அல்ல தோழர்களே, இந்த 60தான். எதிர்ப்பவரோடு வாதாடலாம். நழுவுபவர் வாதத்துக்கே வருவதில்லை. அறிவியலும் ஒரு நம்பிக்கைதான் என்று மாணவர் மனதில் பதியவைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இங்கே நிலைமை என்ன? 2018 சனவரியில் ஒன்றியக் கல்வித்துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை என்றார். இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று டார்வின் எங்கும் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான மூதாதை உண்டு என்றார். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியே நீக்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைக்கு அந்தப் பாடம் இனி எப்போது கிடைக்கும்?

சாதி ஒழிப்புப் பேசும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். புருஷ சூக்தம் என்ன சொல்கிறது? முகத்திலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் என்கிறது. பிறக்கும்போதே ஆள் வேறு, தரம் வேறு என்கிறது. பரிணாமமோ மனிதர் எல்லாரும் ஒரே வழியில் வந்தவர்கள் என்று சான்றோடு காட்டுகிறது. ஐதராபாத், ஆர்வர்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான். அப்படியென்றால் சாதி இயற்கை அல்ல, இடையில் கட்டிய சுவர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இது ஐந்து மதிப்பெண் விசயமா?

டார்வின் பெயரைச் சொல்லி இனவெறிக்கு நியாயம் தேடியவர்களும் உண்டு. இயற்கையில் நடப்பதைக் காட்டிச் சமூகத்தில் ஒருவனை ஒருவன் மிதிக்கலாம் என்று வாதிட முடியாது. அதையும் ஆசிரியர்தான் சொல்லித்தர வேண்டும்.

அப்படியானால் இறைநம்பிக்கை உள்ளவர் பரிணாமம் நடத்தவே முடியாதா? முடியும். பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் ஊரில், பரிணாமத்தைச் சந்தேகிக்கச் சொல்லும் ஓர் அறிக்கையை வகுப்பில் படிக்கச் சொன்னது பள்ளி நிர்வாகக் குழு. அறிவியல் ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். 2005இல் நடந்த அந்த வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். அவர் நம்பிக்கை அவரோடு இருந்தது, பாடத்தில் கைவைக்கவில்லை.

நம் ஊரிலும் பார்த்தோம். 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் ஒரு பேச்சாளர், உடல் குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்ற பொருளில் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். ஆசிரியர் வேலை என்பது அதுதான்.

தோழர்களே, ஆசிரியர்களைக் கேலி செய்வதால் ஒன்றும் நடக்காது. அமெரிக்க ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பரிணாமத்தைத் தனிப் பாடமாகப் படித்த ஆசிரியர்கள் அதைத் தயங்காமல் நடத்தும் வாய்ப்பு அதிகம். நழுவுபவர்களில் பலரிடம் இருப்பது பகை அல்ல, கேள்வி வந்தால் பதில் சொல்லத் தெரியாத அச்சம். எனவே பி.எட். படிப்பிலும் பணியிடைப் பயிற்சியிலும் பரிணாமத்தை முறையாகக் கற்றுக்கொடு என்று கேட்போம். நீக்கிய பாடத்தைத் திரும்பச் சேர் என்று கேட்போம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது கடமை என்கிறது 51ஏ(எச்) பிரிவு. அந்தக் கடமை ஆசிரியருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

உங்கள் தம்பி தங்கைகளிடம் இந்தப் பாடம் நடந்ததா என்று இந்த வாரமே கேளுங்கள். நடக்கவில்லை என்றால் உட்கார வைத்து நீங்கள் நடத்துங்கள்.