பல்லுக்குக் கம்பி: எப்போது காட்டுவது, எப்போது கட்டுவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை அமர்வில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "ஹாஸ்டல் கதையெல்லாம் போதும்ப்பா, குடும்பஸ்தனுக்கு உபயோகமா ஏதாவது பேசு" என்றார். "பல்லுக்குக் கம்பி கட்டுறதைப் பத்திப் பேசட்டுமாண்ணே?" என்றேன். "மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பல்லைப் பிடுங்கப் போறியா?" என்று சிரித்தார். பிடுங்கப் போவதில்லை. நான் டாக்டரும் இல்லை. ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். எட்டு வயதுப் பெண்ணுக்கு அப்பா. அவள் பல்லுக்காக ஒரு வருடம் அலைந்ததில், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு இப்போது பிள்ளைகள் ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் இருப்பதால், இது பலருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

மெயின்டனன்ஸ்காரனுக்கு முதல் பாடம் என்ன? இன்ஸ்பெக்ஷன் வேற, ஓவர்ஹால் வேற. மெஷினைத் திறந்து பார்ப்பதாலேயே பார்ட்டை மாற்றிவிடுவதில்லை. பார்க்காமலே விட்டால் எதை எப்போது மாற்றுவது என்றே தெரியாது. பல் விஷயத்திலும் அதே கதைதான். காட்டுறது வேற, கட்டுறது வேற. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

எப்போது காட்டுவது? அமெரிக்காவின் ஆர்த்தோடான்டிஸ்ட்கள் சங்கம் 7 வயதுக்குள் ஒரு முறை காட்டிவிடச் சொல்கிறது. அது என்ன ஏழு என்று கேட்கலாம். பால்பற்கள் மொத்தம் 20. ஆறு வயதை ஒட்டி, அவற்றுக்கெல்லாம் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், அதையும் பால்பல் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். தொடர்ந்து முன்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் வருகின்றன. ஆக ஏழு வயதில் பின்னால் கடைவாய்ப்பல்லும் முன்னால் வெட்டுப்பல்லும் வர ஆரம்பித்திருக்கும். மேல்தாடையும் கீழ்தாடையும் எப்படிப் பொருந்துகின்றன, வரப்போகிற பற்களுக்கு இடம் போதுமா என்று கணக்குப் போட இந்த இரண்டும் போதும். கட்டடத்துக்கு மூலைக்கல் நட்டுக் கயிறு கட்டிப் பார்ப்பது போல என்று சிவில் நண்பர்கள் வைத்துக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு என்ன பதில் வரும் தெரியுமா? "இப்போ ஒண்ணும் வேண்டாம், ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்பதுதான். சாதாரணமாகக் கம்பி கட்டுவது, நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் வந்த பிறகு. இங்கிலாந்திலும் 12 வயதை ஒட்டித்தான் வழக்கமாக ஆரம்பிக்கிறார்கள்.

என் பெண்ணுக்கு மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. முதலில் போன இடத்தில், "உடனே கம்பி போட்டாகணும், 45,000 ஆகும்" என்றார்கள். இரண்டாவதாகப் பார்த்தவர் ஆர்த்தோடான்டிஸ்ட். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இது சகஜம்தான் சார். கோரைப்பல் இறங்கி வரும்போது தானா நெருங்கிடும். அவசரப்படாதீங்க" என்றார். இந்தப் பருவத்துக்கு ஆங்கிலத்தில் 'அசிங்கமான வாத்துக்குஞ்சு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மேல் கோரைப்பல் 11, 12 வயதில் இறங்கும்போது பல பிள்ளைகளுக்கு அந்தச் சந்து தானாகவே மூடிக்கொள்கிறது.

"அப்போ எல்லாம் வளர வளரச் சரியாயிடும்" என்று கிளம்பிவிடாதீர்கள்! காத்திருக்கக் கூடாத சங்கதிகளும் உண்டு.

முதலாவது, மேல்தாடை குறுகி, ஒரு பக்கக் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்பக்கமாகக் கடிப்பது. எங்கள் ஒர்க்‌ஷாப் டர்னர் ஒருவரின் பையனுக்கு இப்படித்தான். வாயை மூடும்போது முகவாய் ஒரு பக்கமாக ஒதுங்கும். "பழக்க தோஷம்" என்றார்கள் வீட்டில். மேலண்ணத்தின் நடுவே இரண்டு எலும்புகள் சேரும் பொருத்து ஒன்று இருக்கிறது. சிறு வயதில் அது இறுகியிருக்காது. விரித்துக் கொடுத்தால் விரியும். வளர்ச்சி முடிய முடிய இறுகிவிடும். அந்தப் பையனுக்கு எட்டு வயதில் அண்ணத்தில் ஒரு ஸ்க்ரூ வைத்த விரிப்பான் மாட்டினார்கள். சாவி போட்டு ஒரு கால் திருப்புக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். அப்பா லேத்தில் வேலை பார்ப்பவர், சொல்லவா வேண்டும்? கணக்குத் தப்பாமல் திருப்பினார்!

இரண்டாவது, கீழ்முன்பல் மேல்முன்பல்லுக்கு வெளியே வந்து கடிப்பது. பல் தேயும், ஈறு இறங்கும். மூன்றாவது, சொத்தையால் பால்கடைவாய்ப்பல்லை முன்கூட்டியே எடுக்க நேர்வது. "பால்பல்தானே, போனா போகட்டும்" என்கிறோம். அந்தக் காலி இடத்துக்குள் பின்னால் உள்ள பல் நகர்ந்துவிட்டால், கீழே காத்திருக்கும் பல்லுக்கு வழியில்லை. ஒரு சின்ன வளையம் வைத்து இடத்தைக் காக்கலாம். நான்காவது, நிரந்தரப் பல் வந்த பிறகும் விரல் சூப்புவது, எந்நேரமும் வாயால் மூச்சு விடுவது. வாயால் மூச்சு விடும் பிள்ளையைக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடமும் காட்ட வேண்டும். ஐந்தாவது, பத்து வயதில் மேல் கோரைப்பல் இருக்கும் இடம் ஈறில் புடைப்பாகத் தட்டுப்படாதது. பல் வழி தவறியிருக்கலாம். அந்த வயதில் கண்டுபிடித்தால், பால்கோரைப்பல்லை எடுத்து வழி விடுவதே உதவுவதுண்டு. பதினைந்தில் கண்டுபிடித்தால் ஈறைத் திறந்து இழுத்து வர வேண்டியிருக்கும்.

எத்துப்பல் விஷயம் தனி. இதைச் சிறு வயதிலேயே ஆரம்பித்து இரண்டு கட்டமாகச் செய்வதா, பதின்பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்வதா என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகளைப் பிரித்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பல் வரிசையில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்கூட்டிச் செய்தவர்களுக்கு, விழுந்து அடிபட்டு முன்பல் உடைவது மட்டும் குறைந்தது. ஆகவே, பல் ரொம்பத் துருத்தி ஓடி விழுந்து விளையாடும் பிள்ளை என்றாலோ, பள்ளியில் கேலி தாங்காமல் வாயைப் பொத்திப் பேசும் பிள்ளை என்றாலோ, முன்கூட்டிச் செய்வதில் அர்த்தம் உண்டு. மற்றவர்கள் காத்திருக்கலாம்.

ஆனால் எவ்வளவு நாள்? இங்கேதான் நம் வீடுகளின் பழைய கணக்கு இடிக்கிறது. என் அத்தை சொன்னார்: "பொம்பளப் புள்ளதானே, கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பார்த்துக்கலாம்." பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம், உண்மை. ஆனால் கீழ்தாடை பின்தங்கியிருந்தால், அதை முன்னே கொண்டுவரும் கழற்றி மாட்டும் சாதனங்கள் பிள்ளை வேகமாக உயரும் பருவத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அந்த வளர்ச்சி பெண் பிள்ளைகளுக்குப் பையன்களைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவே வந்துபோகிறது. கல்யாணத்துக்குக் காத்திருந்தால் தாடைக் கோளாறுக்குப் பல்லைப் பிடுங்கிச் சமாளிப்பதோ ஆபரேஷனோதான் மிஞ்சலாம். அப்புறம், பையனுக்கு எத்துப்பல் இருந்தால் பரவாயில்லை, பெண்ணுக்கு மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மெட்டீரியல் சயன்ஸ் வகுப்பில் தூங்காதீர்கள்! பல் கம்பிக்கு ஸ்டீல் மட்டும் இருந்த காலத்தில், வளைத்துக் கட்டினால் முதலில் அதிக விசை, கொஞ்சம் நகர்ந்ததும் விசை சரிந்துவிடும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் பியூலர் உருவாக்கிய நிக்கல்-டைட்டானியம் கலவைதான் நிட்டினால். 1970-களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த சூப்பர் எலாஸ்டிக் ரகங்கள், வளைந்த கம்பி நிமிரும் வரை ஏறக்குறைய ஒரே சீரான மெல்லிய விசையைத் தருகின்றன. பல்லைச் சுற்றிய எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறு பக்கம் வளர, அந்த மெல்லிய விசைதான் தேவை. முரட்டு விசை கொடுத்தால் வேர் சேதமாகும். ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் கர்வ் பரீட்சைக்கு மட்டுமல்ல என்று இப்போது புரிகிறதா?

முடிக்கும் முன், பெற்றோர் டாக்டரிடம் கேட்க நான்கு கேள்விகள் சொல்கிறேன். "நீங்க இந்தப் பிரிவில் எம்.டி.எஸ். படிச்சவரா?" "இப்போ செய்யலேன்னா என்ன கெடும்?" "இப்போ செஞ்சா, பிறகு இன்னொரு தடவை கம்பி வேண்டாமா?" "கம்பி கழட்டின பிறகு ரிடெய்னர் எவ்வளவு காலம், அதுக்குச் செலவு எவ்வளவு?" இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் இன்னொருவரிடம் காட்டுங்கள். பணம்தான் தடை என்றால், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆவதைவிடக் குறைவாகவே ஆகும். நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஏழு வயதில் காட்டுங்கள். கட்டச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். காத்திருக்கச் சொன்னால், சொன்ன தேதியில் மறக்காமல் திரும்பப் போங்கள். இதைக் கேட்டு ஒரு வீட்டில் வீண் செலவு மிச்சமானாலும், ஒரு பிள்ளைக்கு உரிய காலம் தவறாமல் சிகிச்சை கிடைத்தாலும், இந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்ததில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தவன் ஆவேன்.